முதல் மரக்கால்

செலியமேடு
14.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தமிழ்க்குமரன். இங்கே மழை நின்று இரண்டு நாளாக வெயில் அடிக்கிறது. வெண்ணிலாவும் நானும் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. நீ அனுப்பிய தீபாவளிப் புடவையை வெண்ணிலா கட்டினாள். கலர் தூக்கல்.

போனில் கேட்டபோது, "எழுதி அனுப்புடா, போன்ல நீ பேசினா நான் தலையாட்டிடுவேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் கடைசியாக உனக்குக் கடிதம் எழுதியது, நீயும் மாமாவும் மாற்றலாகி ஏனாம் போன வருஷம். பேனா பிடித்தால் விரல் வலிக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் வீட்டு இட்லி மாவு நாலு வருஷமாக நன்றாக ஓடுகிறது. தினம் நாற்பது பாக்கெட், பிள்ளையார்குப்பம் வரைக்கும் கடைகளுக்குப் போடுகிறேன். இப்போது சிவப்பிரகாசம் என்று ஒரு காண்ட்ராக்டர் வந்திருக்கிறார். மூன்று ஹாஸ்டலுக்கு மெஸ் நடத்துகிறார். தினம் நூற்றைம்பது கிலோ மாவு வேண்டும் என்கிறார். பெரிய மெஷின் வாங்க நாலு லட்சம் கடன் வேண்டும். என் காணி ஏற்கெனவே பயிர்க்கடனில் இருக்கிறது. அப்பா உன் பேரில் எழுதிய காணியை ஈடு காட்டினால் பேங்கில் தருவார்கள். அதற்கு உன் கையெழுத்து வேண்டும். பேங்க் பாரம் இதோடு வைத்திருக்கிறேன்.

பயப்படாதே. கன்னியக்கோயில் ஸ்டாப்பிங்கில் பஸ் பஸ்ஸாக ஓடி நாம் இரண்டு பேரும் வெள்ளரிப்பிஞ்சு விற்றோமே, ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினைந்து, எனக்கு ஒன்பது. அந்தக் கோடையில் பதினோரு ரூபாய் நாற்பது காசு லாபம். வியாபாரம் நமக்கு அன்றைக்கே கைவந்தது.

சீக்கிரம் பதில் போடு.

உன் தம்பி,
தமிழ்க்குமரன்


ஏனாம்
25.11.2023

அன்புத் தம்பிக்கு,

உன் எழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம். கோழி கிளறினது மாதிரியே இருக்கிறது, மாறவேயில்லை. முட்டிவலி போவதும் வருவதுமாக இருக்கிறது. கோதாவரிப் பக்கம் ஈரக்காற்று. சாயங்காலம் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருகிறேன். உன் மாமா இறந்த பிறகு பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாவோடு தெலுங்கில் பேசிப் பேசி, தனியாக இருக்கும்போது தமிழில் முணுமுணுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு என்ன, இரண்டு நொடி. ஆனால் இருபத்தாறு வருஷமாக அரசாங்க ஸ்டோரில் கிளார்க்காக இருக்கிறேன். ஒரு தாழ்ப்பாள் வெளியே போனாலும் கணக்கு வேண்டும் எனக்கு. ஒரு மாதத்தில் என்ன செலவாகிறது, என்ன வருகிறது, என்ன நிற்கிறது, மூன்றையும் எழுதி அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சம்பா நட்டாயிற்றா? அறுப்பு முடிந்து நெல் அளக்கும்போது இப்போதும் "லாபம்" என்றுதான் தொடங்குகிறாயா? அப்பா ஒன்று என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மரக்காலை முதல் தடவை கவிழ்க்கும்போது "லாபம்" என்பார், அப்புறம்தான் "ரெண்டு, மூணு" என்று போவார். அந்த முதல் மரக்காலை மட்டும் ஒரு மஞ்சள் துணிப்பையில் தனியாகக் கட்டி, "இது பொண்ணுக்கு" என்று முன் அறை ஆணியில் மாட்டுவார். எனக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் அப்படித்தான். பொங்கலுக்கு வந்தால் அந்தப் பையோடுதான் திரும்புவேன். அப்பா போனதிலிருந்து ஏனோ அடிக்கடி அது ஞாபகம் வருகிறது.

இன்னொன்று கேட்க நினைத்தேன். முன் அறையின் கிழக்கு ஜன்னல் இப்போது திறக்கிறதா? சும்மாதான் கேட்டேன்.

வெண்ணிலாவுக்கு என் அன்பைச் சொல்.

அக்கா,
அமுதம்


செலியமேடு
6.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. புயல் மழையில் வயல் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்து, நேற்றுதான் பயிர் தலை காட்டியது. மற்றபடி நாங்கள் நலம். நீ ஆற்றங்கரையில் தனியாக நடக்காதே, வழுக்கும்.

நீ கேட்ட கணக்கு இதோ. கடைக்காரர்களுக்கு ஒரு கிலோ பாக்கெட் முப்பத்தைந்து ரூபாய்க்குக் கொடுக்கிறேன். மாதம் ஆயிரத்து இருநூறு பாக்கெட். வரவு நாற்பத்திரண்டாயிரம்.

செலவு: உளுந்து பதின்மூவாயிரத்து இருநூறு. உப்பு, வெந்தயம் ஐந்நூறு. கவர் ஆயிரத்து எண்ணூறு. கரண்ட் இரண்டாயிரத்து இருநூறு. பெட்ரோல் இரண்டாயிரத்து ஐந்நூறு. சின்னபொண்ணு காலையில் வந்து பாக்கெட் போட்டு, பாத்திரம் கழுவிவிட்டுப் போகிறாள், அரை நாளுக்கு இருநூறு வீதம் மாதம் ஐயாயிரத்து இருநூறு. எல்லாம் கூட்டினால் இருபத்தைந்தாயிரத்து நானூறு.

நிற்பது பதினாறாயிரத்து அறுநூறு. ஒரு பாக்கெட்டுக்கு எனக்கு அடக்கம் இருபத்தொரு ரூபாய்தான். சிவப்பிரகாசம் கிலோ முப்பதுக்குக் கேட்கிறார். முப்பதுக்குக் கொடுத்தாலும் ஒன்பது ரூபாய் நிற்கும். நூற்றைம்பது கிலோவுக்கு மாதம் நாற்பதாயிரம். நீயே பெருக்கிப் பார். கிளார்க் சம்பளத்தை எட்டிப் பிடித்துவிடுவான் உன் தம்பி.

வெண்ணிலா மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு திரிகிறாள். மாவு வழிக்கும்போது லேசாகச் சுளுக்கு, வேறு ஒன்றுமில்லை. பெரிய மெஷின் வந்தால் அதுவும் சரியாகிவிடும்.

முன் அறை ஜன்னல் பக்கம்தான் கிரைண்டர் இரண்டும் நிற்கின்றன. திறக்க வழியில்லை. மூன்று வருஷமாகச் சாத்தியே கிடக்கிறது. எதற்குக் கேட்டாய்?

சிவப்பிரகாசம் அவசரப்படுத்துகிறார். பாரத்தை அனுப்பிவிடு.

தம்பி,
தமிழ்க்குமரன்


ஏனாம்
20.12.2023

அன்புத் தம்பிக்கு,

பயிர் தப்பியது கேட்டு நிம்மதி. எனக்கு இருமல் வந்து போய்விட்டது, கஷாயம் போட்டுக் குடித்தேன்.

உன் கணக்கை மூன்று தடவை கூட்டினேன். கூட்டல் சரி. பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கை இப்போது வாங்கிவிட்டாய்.

ஒரு சந்தேகம். உளுந்து இருக்கிறது, உப்பு இருக்கிறது, வெந்தயம்கூட இருக்கிறது. இட்லி மாவில் அரிசி போடும் வழக்கம் செலியமேட்டில் நின்றுவிட்டதா?

சின்னபொண்ணுக்கு அரை நாளுக்கு இருநூறு கொடுக்கிறாய். சந்தோஷம். காலை நாலு மணிக்கு எழுந்து ஊறவைத்ததைக் கழுவி, அரைத்து, வழித்து, மத்தியானம் மறுபடி ஊறப்போடுகிறவளுக்கு எவ்வளவு என்று எழுத மறந்துவிட்டாய் போலிருக்கிறது. சுளுக்கு என்றால் மூன்று நாளில் போகும். எத்தனை நாளாகத் துணி சுற்றியிருக்கிறாள்? பிள்ளையார்குப்பம் வரை மாவு போகிறதே, அதே வண்டியில் அவளையும் ஏற்றிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டு.

ஜன்னலைப் பற்றி ஒன்றுமில்லை. அந்த ஜன்னல் வழியாக வரும் வெயில் சுவரில் எந்த இடத்துக்கு வந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று கரிக்கோடு போட்டு வைத்திருந்தேன். அது இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது.

எனக்கு மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி ரிட்டயர்மென்ட். அதற்குள் செய்ய நிறைய வேலை இருக்கிறது. இந்தப் பொங்கலுக்கு வர முடியாது.

அக்கா,
அமுதம்


செலியமேடு
27.12.2023

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம்தானே.

கேலி பண்ணுகிறாயா? அரிசி நம் வீட்டு அரிசி. உன் காணி, என் காணி இரண்டிலும் குண்டு நெல்தான் போடுகிறேன், மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்கிறேன். தினம் பதினாலு கிலோ போடுகிறோம். கன்னியக்கோயில் கடையில் இட்லி அரிசி முப்பத்தாறு ரூபாய் விற்கிறது. மற்ற மாவுக்காரன் எல்லாம் அதை வாங்கி அழுகிறான். எனக்கு அந்தச் செலவே கிடையாது, அதனால்தான் லாபம். வீட்டுக் குதிரில் இருக்கிற அரிசிக்கு எவனாவது விலை போடுவானா? அம்மா சோறு போட்டபோது தட்டுக்கு இவ்வளவு என்று எழுதினாளா?

வெண்ணிலா என் பெண்டாட்டி. அவளுக்குக் கூலி கொடுத்தால் ஊர் சிரிக்கும். அவளே சிரித்தாள்.

உனக்கு இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு. சுற்றி வளைக்காதே.

தமிழ்க்குமரன்


ஏனாம்
22.1.2024

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் நல்லபடியாகப் போயிருக்கும். இங்கே நானும் ஒரு சின்னப் பானையில் வைத்தேன். கடை அரிசி. பால் பொங்கியது, எனக்குத்தான் இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. பத்து நாள் தள்ளிப்போட்டு எழுதுகிறேன்.

பதினாலு கிலோ அரிசி, கிலோ முப்பத்தாறு. ஒரு நாளைக்கு ஐந்நூற்று நாலு ரூபாய். நாற்பது பாக்கெட்டுக்குப் பங்கிட்டால் ஒரு பாக்கெட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் அறுபது காசு. உன் இருபத்தொன்றோடு சேர்த்தால் முப்பத்து மூன்று அறுபது. இதுதான் அடக்கம். நீ முப்பதுக்கு விற்கப் போகிறாய். ஹாஸ்டலுக்குக் கவர் வேண்டாம், பெட்ரோல் குறையும், மூன்று ரூபாய் கழித்துக்கொள். அப்போதும் நட்டம். கடன் தவணை தனி. ஒரு கிலோவில் நட்டம் என்றால் நூற்றைம்பது கிலோவில் நூற்றைம்பது மடங்கு நட்டம். சிவப்பிரகாசம் கேட்கிற மாவுக்கு வேண்டிய ஐம்பது கிலோ அரிசியைத் தினம் நம் குதிர் தராது, கடையில்தான் வாங்க வேண்டும். அன்றைக்குத்தான் உனக்கு அரிசியின் விலை தெரியும். அதற்குள் பத்திரம் பேங்கில் இருக்கும்.

இப்போது வருகிற பதினாறாயிரத்து அறுநூறில் பதினையாயிரத்து நூற்று இருபது அரிசி. அந்த நெல்லை நெல்லாக விற்றிருந்தாலும் பணம் வந்திருக்கும். மிச்சம் ஆயிரத்து நானூற்று எண்பது. அது வெண்ணிலாவின் மணிக்கட்டுக்குக் கூலி என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய் வரவில்லை.

வெள்ளரிப்பிஞ்சைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கூடையை நான் பிடிக்க, நீ ஜன்னல் ஜன்னலாக ஓடினாய். கடலூர் பஸ் டிரைவர் உனக்காக இரண்டு நிமிஷம் நிறுத்தி வைப்பார். பதினோரு ரூபாய் நாற்பது காசில் நீ பம்பரமும் கலர் சோடாவும் வாங்கினாய், நான் ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். அதைப் போல ஒரு சந்தோஷம் அப்புறம் எனக்கு வரவில்லை.

ஆனால் அந்த வெள்ளரிக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? அறுப்பு முடிந்த வயலில் சித்திரை வெயிலில் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள் அம்மா. காலையில் இருபது, சாயங்காலம் இருபது. அவள் இடுப்பில் குடம் உட்கார்ந்த இடம் கறுத்துப் போயிருந்தது. அவளுக்கு நாம் ஒரு முழம் பூ வாங்கித் தரவில்லை தமிழு. அவள் கேட்கவில்லை. கேட்காதவர்களுடையது செலவில் சேராது என்று அன்றைக்கே நாம் கற்றுக்கொண்டோம். தட்டுக்கு இவ்வளவு என்று அம்மா எழுதவில்லைதான். எழுதியிருந்தால் நாம் இரண்டு பேரும் இன்னும் கட்டிக்கொண்டிருப்போம்.

பாரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அப்பா எனக்குக் கொடுத்தது, நான் உனக்குக் கொடுக்கிறேன். முடிவு உன்னுடையது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

அக்கா,
அமுதம்


செலியமேடு
3.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வெண்ணிலா எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே சம்பா அறுப்பெல்லாம் முடிந்து, நவரைப் பயிர் பச்சையாக நிற்கிறது. இடது கையால் பேப்பரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மெதுவாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

ஆறு வாரமாக அவர் உங்களுக்குப் பதில் எழுதவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று பாரத்தில் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா போட்டுட்டா பாத்தியா" என்று வண்டியை எடுத்தார். வாசல் வரை போனவர் கடிதத்தைப் படித்துக்கொண்டே நின்றுவிட்டார். அப்புறம் வண்டியை உள்ளே தள்ளிவிட்டார். அன்றிலிருந்து பாரம் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. சிவப்பிரகாசம் போன் பண்ணினால், "ரெண்டு நாள் டைம் குடுங்க" என்கிறார். தினம் காலையில் அரிசியைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கிறார். "இன்னா நிறுக்கிற, வூட்டு அரிசிதானே" என்று கேட்டேன். "சும்மா இருடி" என்றார்.

கூலி என்று அவர் சொன்னபோது நான் சிரித்தேன், நிஜம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தொகையை எழுதிப் பார்த்ததும் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. டாக்டரிடம் காட்டினேன். மூன்று மாதம் கையில் பளு கூடாது என்றார். உங்கள் தம்பியிடம் ஒரு வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணி, நீங்கள் எனக்காகக் கேட்டீர்கள். உங்களுக்காக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் காணி நெல்லுக்கு நாங்கள் ஏழு வருஷமாகக் குத்தகை கொடுக்கவில்லை. மாமனார் உங்களுக்கு என்று சொன்ன முன் அறையில் கிரைண்டர் நிற்கிறது, வாடகை கிடையாது. மரக்கால் அளந்து மாட்டுகிற மஞ்சள் பையும் இப்போது கிடையாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

போன வாரம் இளவரசி பெங்களூரிலிருந்து பேசினாள். "ஜூலைக்குள்ள அம்மா குவார்ட்டர்ஸ காலி பண்ணணும் மாமி. எங்க ஃபிளாட்டுக்கு வான்னா, என் ஊருக்குப் போகணும்ங்கறாங்க. ஊர்ல சொல்லிட்டியான்னு கேட்டா, கிரைண்டர் நிக்குதுடிங்கறாங்க" என்றாள். அப்போதுதான் ஜன்னல் விஷயம் எனக்குப் புரிந்தது.

அவரிடம் சொல்லட்டுமா?

உங்கள்,
வெண்ணிலா


ஏனாம்
15.3.2024

அன்புள்ள வெண்ணிலாவுக்கு,

நீ கோணலாக எழுதினாலும் அவனைவிட நன்றாக எழுதுகிறாய். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்தான், அதில் பேரம் கிடையாது. தைலம் ஒரு பாட்டில் அனுப்புகிறேன், தேய்க்காதே, தடவு.

இளவரசி வாய் நீளம். எனக்கு ஏனாமே பழகிவிட்டது. இங்கே ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பார்த்திருக்கிறேன், ஆறு தெரிகிறது. கிரைண்டர் நின்றால்தான் உங்களுக்குச் சோறு. மெஷினை நகர்த்தினால் தரை போடணும், கரண்ட் லைன் இழுக்கணும், எல்லாம் செலவு. அவனே இப்போது கணக்கில் அடிபட்டுக் கிடக்கிறான், அதில் நான் வேறு ஒரு செலவாக வந்து நிற்கவா?

அவனிடம் சொல்லாதே. என் மேல் ஆணை.

சுவரில் அந்தக் கரிக்கோடு இருக்கிறதா என்று மட்டும் சமயம் கிடைத்தால் எட்டிப் பார். மூன்று கோடு இருக்கும். கீழே இருப்பது அவனுடையது, உயரம் அளக்க நான் போட்டது.

அன்புடன்,
அமுதம்


செலியமேடு
24.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எல்லாரும் நலம்தான். உன் முட்டிக்கு ஏனாமில் வைத்தியம் போதும், மிச்சத்தை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.

இதோடு நீ கையெழுத்துப் போட்ட பாரத்தை வைத்திருக்கிறேன். குறுக்கே கோடு கிழித்துவிட்டேன். பின்பக்கத்தில் புதுக் கணக்கு எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். பேப்பரை வீணாக்கக் கூடாது.

சிவப்பிரகாசத்திடம் முப்பத்தெட்டு ரூபாய் கொடுத்தால் போடுகிறேன் என்றேன். "இன்னாபா, போன மாசம் முப்பதுக்குத் தரேன்ன" என்றார். "அப்ப எனக்கு அரிசி வெலை தெரியாதுங்க" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர்தான், அவர் கணக்கு அவருக்கு.

கடைகளுக்கு நாற்பது ஆக்கினேன். இரண்டு கடை நின்றுவிட்டது. பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்குகிற நோயாளி வீட்டுக்காரர்களுக்கு நேராகக் கொடுக்கிறேன், நாற்பத்தைந்து. இப்போது தினம் முப்பத்து நாலு பாக்கெட்தான். மூன்று வாரமாக உளுந்து, கரண்ட், சின்னபொண்ணு எல்லாம் போக, அரிசியை முப்பத்தாறு வீதம் எழுதுகிறேன். வெண்ணிலாவுக்கு நாளைக்கு இருநூறு. கூலி கொடுத்த முதல் நாள் அவள் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், கள்ள நோட்டா என்று. மாவு வழிக்கிற வேலையை இப்போது நான் செய்கிறேன். முதல் நாளே எனக்கு மணிக்கட்டு போய்விட்டது. சுளுக்கு என்று உனக்கு எழுதினேனே, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

எல்லாம் போக மாதத்துக்கு இரண்டாயிரத்து நூற்று அறுபத்தைந்து நிற்கும். பதினாறாயிரம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டாயிரம்தான், ஆனால் யாருடைய கையும் இதில் ஒளிந்திருக்கவில்லை.

கிரைண்டரை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். மாடு விற்று நாலு வருஷம், சும்மா கிடந்தது. தரை போட ஒன்பதாயிரம் ஆனது, அதையும் எழுதியிருக்கிறேன். வெண்ணிலா ஒன்றும் சொல்லவில்லை. உன் மேல் ஆணையாம். உன் கடிதத்தை மட்டும் உப்பு ஜாடிக்குக் கீழே மடிக்காமல் விரித்து வைத்திருந்தாள்.

ஜன்னலைத் திறக்க அரை நாள் ஆனது. கரிக்கோடு இரண்டு இருக்கிறது. என்னுடைய கோடு மாவு தெறித்து மறைந்துவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தபோது அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னேன்.

நேற்று நவரை அறுத்தோம். மெஷின் அறுத்து மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டது. எடை போட்டாயிற்று, அளக்க அவசியமே இல்லை. பரணிலிருந்து அப்பாவின் மரக்காலை இறக்கித் துடைத்தேன். உன் காணி மூட்டையைப் பிரித்து, முதல் மரக்காலைக் கவிழ்த்து "லாபம்" என்றேன். உன் பைக்கு. அப்புறம்தான் உறைத்தது. அப்பா போய் ஏழு வருஷம். வருஷத்துக்கு இரண்டு அறுப்பு. ஒரு தடவைகூட நான் இதைக் கட்டி மாட்டவில்லை. மறுபடி ஒன்று அளந்தேன், "லாபம்" என்றேன். மறுபடி அளந்தேன். பதினாலு மரக்கால் அளந்தேன் அக்கா. ஒவ்வொன்றுக்கும் லாபம் என்றுதான் சொன்னேன். ரெண்டு என்று சொல்ல வாய் வரவில்லை. சின்னபொண்ணு பார்த்துவிட்டு, "இன்னாணா, எண்ணிக்கை மறந்துட்டியா" என்றாள். "ஆமாம்மா, மறந்துட்டேன்" என்றேன்.

மஞ்சள் பை கொள்ளவில்லை, மூட்டையாகக் கட்டி உன் அறையில் வைத்திருக்கிறேன். குத்தகை வேறு, அதையும் எழுதியிருக்கிறேன், மெதுவாகத் தருவேன்.

வந்துவிடு அக்கா.

தம்பி,
தமிழ்க்குமரன்


ஏனாம்
6.5.2024

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். இதை எழுதும்போது கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தேன், அவ்வளவுதான்.

ஜூன் நாலாம் தேதி ரயில். விழுப்புரத்தில் இறங்குவேன். வண்டியோடு வா, சாமான் அதிகம். ஆறு தெரிகிற வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவே இல்லை, அப்படி ஒரு வீடும் இல்லை. வெண்ணிலாவிடம் சொல், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

உன் புதுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. நாள் பூராவும் மாவு வழிக்கிறாயே, உன் கூலி எங்கே? அடுத்த மாதத்திலிருந்து எழுது. விலையை நாற்பத்திரண்டாக்க முடியுமா என்று வந்து பேசலாம். சாயங்காலம் பாக்கெட் போட நான் உட்காருகிறேன், சின்னபொண்ணுக்குக் கொடுக்கிற அதே ரேட். அக்கா என்று குறைக்காதே.

குத்தகையை அவசரப்படாமல் கொடு. அந்த மூட்டையை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம். முதல் பிடியை எடுத்து அம்மா படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்க வேண்டும். அவளுக்கு நாற்பத்தைந்து வருஷ பாக்கி இருக்கிறது.

அடுத்த அறுப்புக்கு மரக்காலை என்னிடம் கொடுத்துவிடு. லாபம் என்று ஒரே ஒரு தடவைதான் சொல்வேன். அப்புறம் ரெண்டு, மூணு என்று ஒழுங்காக எண்ணுவேன். நான் ஸ்டோர் கிளார்க்.

உன் அக்கா,
அமுதம்